வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் எந்த விஸ்கியைச் சொல்லி விடுவது?

"வாற மாதம் வாறன், உங்களுக்கு என்ன கொண்டு வர?" ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ இப்படி ஒரு கேள்வி வந்தால் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பெரிசா ஒண்டும் வேண்டாம், ஒரு பிளக் லேபிள் போதும்." மோசமான பதில் இல்லை. ஜொனி வோக்கர் பிளக் லேபிள் 12 வருடத்துக்குக் குறையாத விஸ்கிகளைக் கலந்து செய்தது. எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே சுவை, சோடாவுக்கும் தாங்கும். ஆனால் அதே காசுக்கு உங்கள் நாக்குக்கு இன்னும் பொருந்துகிற போத்தல் அதே கடையில் பக்கத்துத் தட்டிலேயே இருந்திருக்கும். அதைப் பெயர் சொல்லிக் கேட்க நாலைந்து விடயம் தெரிந்தால் போதும். பெட்டியின் மினுக்கம் அந்த நாலைந்துக்குள் இல்லை. வயது எண்ணுக்கும் நாம் கொடுக்கிற அளவு மதிப்பு இல்லை.

முதலில் கிளாஸ், பிறகு போத்தல்

வாங்கப்போகும் விஸ்கி எதோடு சேர்ந்து குடிபடப் போகிறது என்று முதலில் யோசியுங்கள். நாலு பேர் கூடியிருந்து, ஐஸும் சோடாவும் போட்டு, பொரித்த மீனோடு குடிப்பதற்கு 18 வருட சிங்கிள் மோல்ட் (ஒரே வடிசாலையின் விஸ்கி) வாங்குவது வீண்செலவு. மூன்று பங்கு சோடா விழுந்ததும் அந்தப் பதினெட்டு வருடமும் கரைந்துவிடும். சோடாவுக்கு ப்ளெண்டட், அதாவது கலப்பு விஸ்கிதான் சரி: பிளக் லேபிள், பலன்ரைன்ஸ், ஃபேமஸ் குரூஸ், அயர்லாந்து ஜேம்சன். ஜொனி வோக்கர் ரெட் லேபிளைத் தனியாகக் குடித்துப் பார்த்து "கடுக்குது" என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது தனியாகக் குடிப்பதற்கென்று செய்ததல்ல, சோடாவோ இஞ்சிப்பியரோ சேர்ப்பதற்காகச் செய்தது.

ஒருவராக, அல்லது இருவராக இருந்து, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ ஒரு கிளாஸை முக்கால் மணித்தியாலம் வைத்துக் குடிப்பவர் என்றால் சிங்கிள் மோல்ட்டுக்குக் காசு கொடுக்கலாம். கொக்கா கோலா கலப்பவருக்கு அமெரிக்க பேர்பன் போதும், அதன் இனிப்பும் வனிலா வாசமும் கோலாவோடு ஒத்துப்போகும். அன்பளிப்பாக இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் புகை மணக்கும் விஸ்கியைத் தொடாதீர்கள். பழக்கமில்லாதவர் ஒரு மிடறோடு மூடி, ஷோகேஸில் வைத்துவிடுவார்.

லேபிளில் எதைப் படிப்பது

சிங்கிள் மோல்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும், செப்புக் கொதிகலனில் காய்ச்சியது. "சிங்கிள்" என்பது வடிசாலையைக் குறிக்கிறது, பீப்பாவை அல்ல. நூறு பீப்பாக்களைக் கலந்தும் ஒரு சிங்கிள் மோல்ட் வரலாம். பல வடிசாலைகளின் மோல்ட் விஸ்கியை மட்டும் கலந்தால் ப்ளெண்டட் மோல்ட். மங்கி ஷோல்டர் அந்த வகை. அதோடு சோளம், கோதுமை போன்றவற்றில் காய்ச்சிய இலேசான தானிய விஸ்கியும் சேர்ந்தால் அது வெறும் ப்ளெண்டட். உலகத்தில் விற்கிற ஸ்கொட்சில் பெரும்பகுதி இதுதான். கலப்பது மோசடி அல்ல, அது தனித் தொழில்.

ஸ்கொட்ச் என்று எழுத வேண்டுமானால் ஸ்கொட்லாந்தில் காய்ச்சி, 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் பீப்பாவில் குறைந்தது 3 வருடம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். போத்தலில் அற்ககோல் 40 வீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரும் நிறத்துக்குக் கருகிய சீனிப்பாகும் தவிர வேறொன்றும் சேர்க்க முடியாது. சிங்கிள் மோல்ட் ஸ்கொட்சைப் போத்தலில் அடைப்பதும் ஸ்கொட்லாந்திலேயே நடக்க வேண்டும். ஆகவே "சிங்கிள் மோல்ட் ஸ்கொட்ச், போத்தலில் அடைத்தது இன்ன வேறு நாடு" என்று எழுதிய ஒன்றைக் கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

வயது எண் என்பது கலந்தவற்றில் ஆக இளையதின் வயது. 12 என்றால் உள்ளே 15 வருடமும் இருக்கலாம், 11 இருக்க முடியாது. அந்த வயது பீப்பாவில் கழிந்த காலம் மட்டுமே. போத்தலுக்குள் வந்ததும் விஸ்கி வளர்வதில்லை. 1995இல் யாரோ கொண்டுவந்த 12 வருட விஸ்கி இன்றைக்கும் 12 வருட விஸ்கிதான், தக்கை மட்டும் முப்பது வருடம் பழசாகியிருக்கும்.

வயது கூடினால் நல்லது என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஸ்கொட்லாந்தின் குளிரில் ஒரு பீப்பாவிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 2 வீதம் ஆவியாகிப் போகும். பெங்களூரில் அது 10 வீதத்தையும் தாண்டும். வெக்கையில் மரமும் விஸ்கியும் வேகமாகப் பேசி முடித்துவிடுகின்றன. அதனால்தான் பெங்களூரின் அம்ருத்தும் கோவாவின் போல் ஜோனும் பெரும்பாலும் வயது எழுதாமலே வருகின்றன. நாலைந்து வருடத்திலேயே அவை முதிர்ந்துவிடும். வயது இல்லை என்பதற்காக அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். "ரிசேர்வ்", "ஸ்பெஷல்", "றெயார்", "செலெக்ட்" என்ற பொன்னெழுத்துகளுக்குத்தான் ஒரு அர்த்தமும் இல்லை. ஸ்கொட்ச் சட்டத்தில் அந்தச் சொற்களுக்கு வரைவிலக்கணம் கிடையாது.

எங்களைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய எண் வயதல்ல, அற்ககோல் வீதம். 40 என்பது சட்டம் அனுமதிக்கும் அடிமட்டம். 46 அல்லது அதற்கு மேல் என்று கண்டால் அதை ஒரு நல்ல அறிகுறியாக எடுக்கலாம். விஸ்கியில் கொழுப்புத் தன்மையான சில பொருள்கள் கரைந்திருக்கும். வீதம் குறைந்த விஸ்கி குளிர்ந்தால் அவை திரண்டு கலங்கும். வாங்குபவர் கலங்கலைக் கண்டு பயப்படுவார் என்பதால் கொம்பனிகள் விஸ்கியைப் பூச்சியத்தை ஒட்டிக் குளிரவைத்து, அவற்றை வடிகட்டி எடுத்துவிடும். வாயில் தடிப்பாக நிற்கும் தன்மை கொஞ்சம் அதோடு போய்விடும். 46 வீதத்தில் பெரும்பாலும் கலங்காது என்பதால் வடிகட்டத் தேவையில்லை. அப்படிப்பட்ட போத்தலில் ஐஸ் போட்டதும் இலேசாக மங்கினால் அது பழுது அல்ல, வடிகட்டாததன் அடையாளம்.

விலையை ஒப்பிடும்போதும் இந்த எண் வேண்டும். லண்டன் போத்தல் 700 மில்லி, கனடாப் போத்தல் 750, விமான நிலையப் போத்தல் பெரும்பாலும் 1 லீற்றர். 46 வீதத்து 700 மில்லியில் 322 மில்லி தனி அற்ககோல் இருக்கிறது. 40 வீதத்து 750இல் 300தான். சின்னப் போத்தலில்தான் சரக்குக் கூட.

இன்னொரு எச்சரிக்கையும் இதற்குள் இருக்கிறது. நம் ஊர்ச் சாராயப் போத்தலில் 33, 36 என்று வீதம் எழுதியிருக்கும். அதில் 60 மில்லி ஊற்றிப் பழகிய கை, 46 வீத விஸ்கியிலும் 60 ஊற்றினால் கணக்குத் தவறும். சாராயம் 60க்கு ஈடு இங்கே 45 மில்லிதான்.

நிறத்தை நம்பாதீர்கள். கடுந்தேத்தண்ணி நிறத்தில் இருப்பதெல்லாம் பழையது அல்ல. ஜேர்மனியிலிருந்து போத்தல் வந்தால் பின்பக்கச் சின்ன எழுத்தில் "மிற் ஃபார்ப்ஷ்ரொஃப்" என்றிருக்கிறதா என்று பாருங்கள். நிறம் சேர்த்திருந்தால் அதை எழுத வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதே விஸ்கியின் லண்டன் லேபிளில் அந்த வரி இருக்காது. நிறம் சேர்ப்பதால் சுவை பெரிதாகக் கெடுவதில்லை. ஆனால் நிறத்துக்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

நாக்குக்குத் தெரிந்த சுவையில் சொன்னால்

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் "ஹெதர் பூ", "ரோஃபி அப்பிள்" எல்லாம் நமக்கு உதவாது. நமக்குத் தெரிந்ததை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

முன்பு பேர்பன் இருந்த பீப்பாவில் முதிர்ந்த மோல்ட் வனிலா, தேன், பழுக்கத் தொடங்கிய பெயார்ஸ் என்று மணக்கும். அமெரிக்க ஓக் மரத்துக்கே இயல்பாகத் தேங்காய்ப்பூவை நினைவூட்டும் ஒரு வாசம் உண்டு, அதுவும் சேரும். கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெற் 12 இந்தப் பக்கம். முதன்முதலாகத் தனி விஸ்கி குடிப்பவருக்கு இவை பயமில்லாத தொடக்கம். இதே பக்கத்தில் இன்னும் தடிப்பு வேண்டுமென்றால் டீன்ஸ்ரன் 12 கேளுங்கள், 46.3 வீதம், குளிர்வடிகட்டல் இல்லாதது.

ஷெரி வைன் இருந்த பீப்பா என்றால் நத்தார் கேக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: பிளம்ஸ், பேரீச்சம்பழம், கறுவா, கராம்பு, கொஞ்சம் கருகிய சீனி. இனிப்பான தென்னஞ்சாராயத்தில் பழகிய நாக்கு பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். கிளென்ட்ரொனக் 12 நல்ல தெரிவு, புனஹாவன் 12 இன்னும் நல்லது. புனஹாவன் புகை விஸ்கிக்குப் பெயர்போன ஐலே தீவில் காய்ச்சியது என்றாலும் இந்தப் பன்னிரண்டில் புகை இல்லையென்றே சொல்லலாம்.

புகை மணக்கும் விஸ்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பிடிப்பவருக்கு இதைவிட்டால் வேறு வேண்டாம், பிடிக்காதவருக்கு வாசமே ஆகாது. ஈரச் சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிக் கிடந்த புல்லும் பாசியும் கரியாக மாறுவதற்கு முந்திய நிலை பீற். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்கள். புகை தானியத்தில் ஏறி, காய்ச்சி வடித்த பின்னும் நிற்கும். சிரட்டைக்கரி மூட்டிய அடுப்பு, சுட்ட கருவாடு, புதுக் கட்டுத் துணியில் அயடீன் என்று மூன்றையும் சேர்த்து நினைத்தால் ஐலே தீவின் லஃப்ரோய்க் 10இன் வாசத்துக்குக் கிட்டப் போகலாம். ஆட்பெக் 10இல் புகை கூடுதல், ஆனால் மருந்து நெடி குறைவு, எலுமிச்சைத் தோல் போல ஒரு புளிப்பும் உண்டு. ஸ்கை தீவின் ரலிஸ்கர் 10 மிளகும் உப்பும் கலந்த நடுவழி. பழகிப் பார்க்க விரும்புகிறவர் ரலிஸ்கரில் தொடங்கட்டும். பிளக் லேபிளிலேயே மெல்லிய புகை இருக்கிறது. அது பிடித்திருந்தால் ரலிஸ்கரும் பிடிக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

பேர்பனில் பாதிக்கு மேல், குறைந்தது 51 வீதம், சோளம் இருக்க வேண்டும். உட்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாவில் வைக்க வேண்டும். பீப்பா புதிது என்பதால் வனிலாவும் பனங்கட்டிப் பாகு போன்ற இனிப்பும் தூக்கலாக வரும். மேக்கர்ஸ் மார்க் மென்மையானது, 45 வீதம். வைல்ட் ரேர்க்கி 101 பெயருக்கேற்ற 101 புரூஃப், அதாவது 50.5 வீதம், இளநீரோ ஐஸோ போட்டாலும் தாக்குப்பிடிக்கும். அயர்லாந்து விஸ்கியைப் பெரும்பாலும் மூன்று தரம் வடிப்பார்கள், புகை அரிது, தொண்டையில் இலேசாக இறங்கும். ஜேம்சனைத் தாண்டிப் போக விரும்புகிறவருக்கு றெட்பிரெஸ்ற் 12.

எந்த நாட்டிலிருந்து வருகிறார்?

கனடா என்றால், அங்கே "றை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கனேடிய வழக்கில் றை என்பது விஸ்கிக்கே இன்னொரு பெயர் மாதிரி. உள்ளே றை தானியம் மிகக் குறைவாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் அப்படி முடியாது, 51 வீதம் கட்டாயம். உண்மையான றையின் மிளகுக் காரம் வேண்டுமென்றால் லொட் 40 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அது முழுக்க றை தானியத்தில் செய்தது. லண்டன்காரரிடம் விமான நிலையத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டாம் என்று சொல்லலாம். நத்தாருக்கு முந்திய கிழமைகளில் அங்கத்தைய சுப்பர்மார்க்கெற்றுகள் சிங்கிள் மோல்ட் விலையைக் குறைப்பது வழக்கம். சென்னையிலிருந்து பலாலிக்கு வருபவரென்றால் அம்ருத் ஃபியூஷன். இந்திய பார்லியும் புகையேற்றிய ஸ்கொட்லாந்து பார்லியும் சேர்ந்தது, 50 வீதம். இந்தப் பட்டியலில் நம் காசுக்கு மிக நல்ல பேரம் அதுதான் என்பது எங்கள் கணிப்பு.

ஆனால் இந்தியாவில் "விஸ்கி" என்று விற்கிற மலிவுப் போத்தல்களில் பெரும்பாலானவை கரும்புக் கழிவுப்பாகில் வடித்த சுவையற்ற ஸ்பிரிட்டில் கொஞ்சம் மோல்ட் கலந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. லேபிளில் "நியூட்ரல் ஸ்பிரிட்" என்ற சொல் இருந்தால் எந்த நாட்டுப் போத்தலானாலும் அது இந்த ரகம். சோடாவுக்கு ஊற்றலாம், தனியாகக் குடிக்கச் சுவை இருக்காது.

விமான நிலையக் கடைகளுக்கென்றே தனியாகச் செய்கிற ஒரு லீற்றர்ப் போத்தல்கள் உண்டு. பெரிய பெயர், அழகான பெட்டி, வயது எண் இல்லை, 40 வீதம். அதே கொம்பனியின் சாதாரண 12 வருடம் பக்கத்தில் இருந்தால் பத்துக்கு ஒன்பது தரம் அதையே எடுக்கச் சொல்லுவோம்.

கொண்டு வரும் வழியில் போத்தல் போவது இரண்டு இடத்தில். ஒன்று, மாறும் விமான நிலையம். வரியில்லாக் கடையில் வாங்கியதை அவர்கள் தரும் மூடி ஒட்டிய பையிலேயே, பற்றுச்சீட்டு உள்ளே தெரிய வைத்திருக்க வேண்டும். ஆசைப்பட்டு இடையில் திறந்தால் அடுத்த சோதனையில் எடுத்துவிடுவார்கள். மற்றது, பெட்டிக்குள் உடைவது. பெட்டியில் போடுவதென்றால் 24 முதல் 70 வீதம் வரையான மது ஒருவருக்கு மொத்தம் 5 லீற்றர், கடையில் வாங்கிய மூடிய போத்தலாக இருக்க வேண்டும். 70க்கு மேல் அனுமதி இல்லை. போத்தலின் கழுத்துத்தான் முதலில் உடையும். காலுறைக்குள் கழுத்தை நுழைத்து, ஜீன்ஸில் உடம்பைச் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். சில்லுப் பக்கம் வைக்கக் கூடாது.

இங்கேயே வாங்குவதென்றால்

உரிமம் உள்ள கடையில், மதுவரித் திணைக்களத்தின் ஸ்ரிக்கர் மூடியில் ஒட்டிய போத்தலை, பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, போயா நாளில் கடை பூட்டு. போயாவன்று "தெரிஞ்ச பொடியன்" கொண்டுவந்து தருகிற போத்தலில்தான் ஆபத்து.

போலியை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திருகு மூடியின் கீழ்வளையம் அறாமல் இருக்க வேண்டும். மூடியைப் பிடித்துத் திருப்பினால் மூடியும் வளையமும் சேர்ந்து சுழலக் கூடாது. ஒரே ரகத்தில் இரண்டு போத்தலைப் பக்கத்தில் வைத்துக் கழுத்து மட்டத்தை ஒப்பிடுங்கள். கையால் நிரப்பியது ஒரு விரல் ஏறியோ இறங்கியோ இருக்கும். லேபிள் ஓரத்தில் பசை பிதுங்கல், சுருக்கம், எழுத்துப்பிழை. கவிழ்த்துப் பிடித்தால் மிதக்கும் தூசி. போத்தலின் அடியில் கண்ணாடியிலேயே பதித்த தொகுதி இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது போலி என்று கட்டாயமில்லை, ஆனால் வழிமாறி வந்த சரக்கு.

குலுக்கிக் குமிழி பார்ப்பது நம்மூரில் பெயர்போன சோதனை. குமிழி நிற்பது அற்ககோல் வீதத்தைச் சும்மா ஊகிக்கத்தான் உதவும். 40 வீத மலிவு ஸ்பிரிட்டை நிரப்பியவனும் அந்தச் சோதனையில் பாஸ். கரண்டியில் ஊற்றிக் கொளுத்தி, நீலமாக எரிந்தால் நல்லது என்பது அதைவிட மோசம். கண்ணைப் பறிக்கிற மெதனோலும் நீலமாகத்தான் எரியும். குடித்துப் பல மணித்தியாலம் கழித்து, அல்லது அடுத்த நாள், கண் மங்கல், வாந்தி, மூச்சு வாங்கல் என்று வந்தால் வெறி முறிவு என்று படுத்திருக்காமல் உடனே போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மீதிப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

போலி நிரப்புகிறவர்களுக்குத் தேவை நல்ல வெறும் போத்தல். பழைய போத்தல் வாங்க வருபவரிடம் கொடுக்க முன் லேபிளைக் கிழித்துவிடுங்கள். மூடி தக்கையானால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

திறந்த பிறகு

எவர்சில்வர் ரம்ளர் வேண்டாம். உலோக வாசம் ஒருபுறம், நிறமும் தெரியாது. வாய் ஒடுங்கிய கண்ணாடிக் கிளாஸ் நல்லது, சின்ன வைன் கிளாஸ் போதும். 30 மில்லி ஊற்றி ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். மூக்கை உள்ளே விடாமல், கிளாஸின் விளிம்பை மேலுதட்டுக்குக் கிட்டப் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மெல்ல மூச்சிழுங்கள். வாய் மூடியிருந்தால் அற்ககோல் ஆவி மட்டுமே மூக்கில் குத்தும். முதல் மிடறு வாயைப் பழக்க மட்டும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டாவதை நாக்கில் பத்து விநாடி வைத்து விழுங்குங்கள். விழுங்கிய பின் என்ன நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் நல்ல விஸ்கியும் சாதாரண விஸ்கியும் பிரியும்.

பிறகு தண்ணீர். விஸ்கியில் தண்ணீர் விடுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வடிசாலைகளில் விஸ்கியைக் கலந்து பார்ப்பவர்களே தண்ணீர் விட்டுத்தான் மணம் பார்க்கிறார்கள். 46 வீதத்து 30 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி, 5 மில்லி, விட்டால் 40க்குக் கொஞ்சம் கீழே வரும். பீப்பாவிலிருந்து தண்ணீர் சேர்க்காமல் அடைத்த 58 வீத "பீப்பா வலு" விஸ்கியை 40க்குக் கொண்டுவர 13.5 மில்லி வேண்டும், இரண்டரைக் கரண்டிக்குக் கொஞ்சம் கூட. ஒரே தடவையில் ஊற்றாமல் அரைக் கரண்டியாக விட்டு ஒவ்வொரு தரமும் மணந்து பாருங்கள். அடைபட்டுக் கிடந்த பழ வாசம் ஓரிடத்தில் சட்டென்று மேலே வரும். அங்கே நிறுத்திவிடலாம்.

ஆனால் கிணற்றுத் தண்ணி வேண்டாம். குடாநாட்டுக்குக் கீழே கிடப்பது சுண்ணக்கல், தண்ணி வன்மை கூடியது, கரையோரத்தில் உவரும் சேரும். தேத்தண்ணியையே மாற்றிவிடுகிற தண்ணி இது. ஒரு நல்ல மோல்ட்டில் விட்டால் கசப்பும் சுண்ணாம்புச் சுவையும் முன்னுக்கு வரும். குளோரின் போட்டு இறைத்த கிணறு என்றால் சொல்லத் தேவையில்லை. போத்தல் தண்ணீர் ஒன்று வாங்கி வையுங்கள், ஐஸும் அதிலேயே போடுங்கள். மீன் சந்தைக்கு வருகிற பார் ஐஸை உடைத்துப் போடும் பழக்கத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கருவாடும் நேற்றைய நண்டுக் கறியும் இருக்கும். மூடாமல் வைத்த ஐஸ் அந்த வாசத்தையெல்லாம் பிடித்துவிடும். வெறும் யோகட் கோப்பையைக் கழுவி, தண்ணீர் விட்டு, வாயை இறுக்கிக் கட்டி உறையவையுங்கள். சின்னத் துண்டுகள் ஆறைவிட இப்படி ஒரு பெரிய கட்டி மெதுவாகக் கரையும், விஸ்கி தண்ணீராகப் போகாது. ஸ்கொட்லாந்துக்காரர் "அறை வெப்பநிலை" என்று சொல்வது 18 பாகையை ஒட்டியது. பங்குனி, சித்திரையில் நம் விறாந்தையில் 32 பாகை. அந்த வெக்கையில் அற்ககோல் ஆவிதான் முதலில் எழும்பும், நல்ல விஸ்கியும் முரடாகத் தெரியும். ஐஸ் வேண்டாதவர் வெறும் கிளாஸைக் கால் மணித்தியாலம் குளிரவைத்து எடுத்தால் போதும்.

சோடா என்றால் 45 மில்லி விஸ்கிக்கு 135 சோடா. கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு, விஸ்கி ஊற்றி, குளிர்ந்த சோடாவை ஓரமாக விட்டு, ஒரே ஒரு தரம் கிளறுங்கள். சோடா சூடாக இருந்தால் ஐஸில் பட்டதும் காற்றெல்லாம் போய்விடும்.

பைற்ஸ் விடயத்தில் ஒன்று: மிளகாய்க் காரமும் கூடிய வீதமும் ஒத்துவராது. காரத்தை உணர்கிற நரம்பை அற்ககோல் இன்னும் சுலபமாகக் கிளறிவிடும், இரண்டும் சேர்ந்தால் எரிவு மட்டும்தான் மிஞ்சும். உறைப்பான கணவாய்க் கறிக்கு சோடா கலந்த ப்ளெண்டட். தனி விஸ்கிக்கு வறுத்த கச்சான், உப்பு மட்டும் போட்டுப் பொரித்த இறால், புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும். புழுக்கொடியல் பேர்பனோடு நல்லாய்ச் சேரும். புகை விஸ்கிக்கு நெத்தலிக் கருவாட்டுப் பொரியல். வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சாப்பிடாமல் குடித்தால் சீனி திடீரென்று இறங்கிவிடும். குடித்த பின் மோட்டார் சைக்கிள் திறப்பை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

ஷோகேஸ் போத்தல்

விறாந்தை ஷோகேஸ் விஸ்கிக்கு ஏற்ற இடமே அல்ல. பின்னேர வெயில் கண்ணாடியில் படும், வெளிச்சமும் சூடும் நிறத்தையும் வாசத்தையும் தின்னும், உள்ளே ஆவி விரிந்து தக்கையைத் தள்ளும். அலுமாரிக்குள், அடித்தட்டில், நிமிர்த்தி வையுங்கள். வைன் போலச் சரித்து வைத்தால் 40 வீத அற்ககோல் தக்கையை அரித்துவிடும். திறக்காத போத்தலின் கழுத்தைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் ஆவியாவது குறையும்.

திறந்த போத்தலில் பாதிக்கு மேல் இருந்தால் ஒரு வருடம் கவலையில்லை. மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்றுக் கூடிவிட்டது, இரண்டு மூன்று மாதத்தில் முடியுங்கள், அல்லது இறுகிய திருகுமூடி உள்ள சின்னக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள். பிளாஸ்ரிக் போத்தலில் வேண்டாம். பழைய படிகக் கண்ணாடிக் குடுவையிலும் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம், அதில் ஈயம் கசியும்.

இருபது, முப்பது வருடம் இருந்த போத்தலைத் திறப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. திறக்கச் சற்று முன் போத்தலை ஒரு நிமிடம் சரித்துத் தக்கையை நனையுங்கள். பிறகு தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு போத்தலை மெல்லத் திருப்புங்கள். தக்கையை இழுத்தால் மேல்மூடி மட்டும் கையோடு வந்துவிடும். அப்படி உடைந்தால் வைன் திருகாணியைச் சரிவாகச் செலுத்தி மீதியை எடுக்கலாம். தூள் உள்ளே விழுந்துவிட்டால் பதற வேண்டாம், கழுவிக் காயவைத்த இன்னொரு போத்தலுக்குத் தேத்தண்ணி வடியில் வெள்ளைத் துணி விரித்து வடித்து ஊற்றுங்கள். மூடுவதற்கு, முன்பு எடுத்து வைத்த தக்கைகளில் ஒன்று பொருந்தும்.